மூன்றணுத் தடிமனில் ஓர் ஒளியுணரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒளிமின் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் பணியாற்றுகிறேன். சனிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்கள் சிலருக்கு இயற்பியல் பாடமும் எடுக்கிறேன். அடுக்குப் படிகக் குறைக்கடத்திகளால் ஆன ஒளியுணரிகளைப் பற்றி அந்த மாணவர்களும் உடன் வேலை செய்யும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன விடைகளையும் ஓரளவு ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். வகுப்பில் அவசரத்தில் பிழையாகச் சொன்ன ஓரிரண்டைத் திருத்திக்கொள்ளவும் இது வாய்ப்பாயிற்று.

ஒளியுணரி என்பது எது? நாம் அதை எங்கே பார்த்திருக்கிறோம்?

ஒளி படும்போது மின்னோட்டத்திலோ மின்னழுத்தத்திலோ மாற்றம் காட்டும் சிறு பாகமே ஒளியுணரி. தொலைக்காட்சிப் பெட்டியின் முகப்பில் ரிமோட்டின் அகச்சிவப்புத் துடிப்பை வாங்கிக்கொள்ளும் கறுப்புப் புள்ளி, கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்கும் உணரி, கிளினிக்கில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவி ஆகிய எல்லாவற்றிலும் ஒன்று இருக்கிறது.

குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கும் நிலைக்கும் தடையின்றி ஓடும் நிலைக்கும் நடுவே ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. வந்து விழும் ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றல் அந்த இடைவெளியைத் தாண்டப் போதுமானதாக இருந்தால் ஓர் எலக்ட்ரான் மேலே எழும்பும். அது விட்டுச்சென்ற காலியிடத்தைத் துளை என்கிறோம். எலக்ட்ரானும் துளையும் பிரிந்து எதிரெதிர் மின்முனைகளை நோக்கி ஓடினால் அதுவே ஒளிமின்னோட்டம். கணக்கும் எளிது: 1240 என்ற எண்ணை எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றல் இடைவெளியால் வகுத்தால், அந்தப் பொருள் உணரக்கூடிய மிக நீண்ட அலைநீளம் நானோமீட்டரில் கிடைத்துவிடும். சிலிக்கானின் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே அதன் எல்லை ஏறத்தாழ 1,100 நானோமீட்டர். இந்த 1240-ஐ நினைவில் வைத்திருங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

எல்லாப் பொருளுக்கும் தடிமன் உண்டு. அப்படியிருக்க, 'இரு பரிமாணப் பொருள்' என்று எப்படிச் சொல்லலாம்?

அடுக்கடுக்காக வேகவைத்த மலாய்ப் பலகாரமான கூவே லாப்பிஸை ஒரே கடியாகக் கடிக்காமல் அடுக்கடுக்காக உரித்துத் தின்னாத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. ஓர் அடுக்கு கிழியாமல் முழுசாக உரிந்து வருவதற்குக் காரணம், அடுக்குக்குள் இருக்கும் பிடிப்பு வலுவாகவும் இரண்டு அடுக்குகளுக்கு இடையே உள்ள ஒட்டுதல் மெலிதாகவும் இருப்பதுதான். மாலிப்டினம் டைசல்பைடு என்ற கனிமத்தின் அமைப்பும் இதேதான். ஒவ்வோர் அடுக்கிலும் நடுவே மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம் என மூன்று அணு வரிசைகள் வலுவான வேதிப் பிணைப்பால் கட்டப்பட்டிருக்கின்றன. அடுக்குகளுக்கு இடையிலோ வான் டெர் வால்ஸ் விசை எனப்படும் மெல்லிய ஈர்ப்பு மட்டுமே இருக்கிறது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான், வாகனப் பட்டறைகளில் கறுப்பாகக் கையில் ஒட்டும் 'மோலி' கிரீஸில் இந்தக் கனிமத்தைக் கலக்கிறார்கள்.

ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய தாளில் எலக்ட்ரான் நீளத்திலும் அகலத்திலும் ஓடலாமே தவிர, மேலும் கீழும் ஓட இடமில்லை. எலக்ட்ரானின் இயக்கத்தை வைத்துத்தான் 'இரு பரிமாணம்' என்ற பெயர். வடிவ கணிதத்தில் சொல்லும் பொருளில் அன்று.

கிராஃபைட்டிலிருந்து கிராஃபீன் எனப்படும் ஒற்றை அடுக்கை ஒட்டுநாடாவால் பிரித்தெடுத்து அதன் மின்பண்புகளை அளக்கலாம் என்று 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நொவொசெலொவும் காட்டினார்கள். 2010-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே உத்தி மற்ற அடுக்குப் படிகங்களுக்கும் பொருந்தும் என்பது விரைவிலேயே தெரியவந்தது.

கிராஃபீன்தான் புகழ்பெற்றது. அதையே ஒளியுணரியாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

வேகம் மட்டுமே வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். 2009-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 40 கிகாஹெர்ட்ஸ் வரை செயல்படும் கிராஃபீன் ஒளியுணரியைக் காட்டினார்கள். ஆனால் கிராஃபீனுக்கு ஆற்றல் இடைவெளியே இல்லை. எனவே ஒளி இல்லாதபோதும் அதில் மின்னோட்டம் தாராளமாக ஓடும். இதை இருட்டு மின்னோட்டம் என்போம். ஒற்றை அடுக்கு கிராஃபீன் தன்மேல் விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சுகிறது. சந்தைக்கடை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயல்வதைப் போன்ற நிலை அது.

ஒரே அடுக்காகப் பிரித்ததும் பொருளின் குணம் மாறிவிடுமா?

மாறிவிடும். இந்தத் துறையின் சுவையே அதில்தான் இருக்கிறது. கட்டியாக இருக்கும் மாலிப்டினம் டைசல்பைடின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 1.2 எலக்ட்ரான் வோல்ட். அதுவும் மறைமுக இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேலே எழும்ப ஃபோட்டானின் ஆற்றல் மட்டும் போதாமல் படிக அதிர்விடமிருந்து உந்தத்தையும் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஒற்றை அடுக்காகும்போது இடைவெளி சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட்டாக விரிவதோடு, நேரடி இடைவெளியாகவும் மாறிவிடுகிறது. 2010-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டறிந்தன. கட்டியில் மங்கிக் கிடந்த ஒளிர்வு ஒற்றை அடுக்கில் பளிச்சென்று எழுந்தது. ஒளிர்வுத் திறன் 10,000 மடங்குக்கும் மேலாகக் கூடியதாக அவற்றுள் ஒரு குழு அளந்தது.

1240-ஐ 1.8-ஆல் வகுத்தால் 690 நானோமீட்டர் அளவில் வரும். ஆகவே ஒற்றை அடுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய முழுவதையும் உணரும், ரிமோட்டின் அகச்சிவப்பை உணராது. அடுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லை அகச்சிவப்பை நோக்கி நகரும். ஒரே பொருளை வைத்துக்கொண்டு, அடுக்கு எண்ணிக்கையை மாற்றியே உணரும் நிறத்தை மாற்றலாம் என்பது சிலிக்கானோடு பழகிய என்னைப் போன்றவர்களுக்கு முதலில் நம்புவதற்குச் சிரமமாகத்தான் இருந்தது.

உறிஞ்சும் ஆற்றலும் வியப்பானது. 850 நானோமீட்டர் ஒளியைச் சிலிக்கான் கணிசமாக உறிஞ்சுவதற்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர் ஆழம் வேண்டும். மாலிப்டினம் டைசல்பைடின் ஒற்றை அடுக்கோ, தனக்கு உகந்த அலைநீளங்களில், 0.65 நானோமீட்டர் தடிமனிலேயே 5 முதல் 10 விழுக்காடு ஒளியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மீதி 90 விழுக்காடு ஊடுருவிப் போய்விடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விளம்பரக் கட்டுரைகள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன.

ஒரு கட்டுரையில் 'ஒரு வாட்டுக்கு 880 ஆம்பியர்' என்றும், இன்னொன்றில் 'ஒரு வாட்டுக்கு 7.5 மில்லிஆம்பியர்' என்றும் இருக்கிறது. இரண்டும் ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்பைடுதான். இலட்சம் மடங்கு வேறுபாடு எப்படி?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகச் சிறந்தது இதுதான். கேட்டது ஒரு மாணவி.

ஒரு வாட் ஒளி விழுந்தால் எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் கிடைக்கிறது என்பதைத் துலங்குதிறன் என்கிறோம். நீங்கள் சொல்லும் சிறிய எண், 2012-இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முதல் ஒற்றை அடுக்கு ஒளி டிரான்சிஸ்டருடையது. பெரிய எண், 2013-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகம் வெளியிட்டது. 561 நானோமீட்டர் அலைநீளத்தில், மிக மங்கிய ஒளியில் அளந்தது. இரண்டும் சரியான அளவீடுகளே.

முதலில் ஒரு சரிபார்ப்பு. ஒரு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான் மட்டும் கிடைக்குமானால், 561 நானோமீட்டரில் துலங்குதிறனின் உச்சவரம்பு 561-ஐ 1240-ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 0.45 ஆம்பியர். 880 வந்தது என்றால், விழுந்த ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டதாக வைத்துக்கொண்டாலும் ஒரு ஃபோட்டானுக்கு 1,900-க்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் சுற்றில் ஓடியிருக்கின்றன. உண்மையில் உறிஞ்சப்பட்டது அதில் சிறு பங்கே. எனவே பெருக்கம் அதைவிடவும் பெரிது.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது? அடுக்குமாடி வீட்டில் ஒருவர் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிடித்திருக்கும் வரை ஆட்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். ஒளி உண்டாக்கிய துளை, படிகக் குறைபாட்டிலோ கீழே இருக்கும் ஆக்சைடின் பரப்பிலோ சிக்கிக்கொள்ளும்போது, அது அப்படிக் கதவைப் பிடித்து நிற்பவரின் வேலையைத்தான் செய்கிறது. சிக்கிய துளையின் நேர்மின்னூட்டத்தை ஈடுசெய்ய ஒரு மின்முனையிலிருந்து எலக்ட்ரான் வந்து, மறுமுனையில் வெளியேறி, அதன் இடத்துக்கு இன்னொன்று வந்து, இப்படியே ஓட்டம் தொடர்கிறது. துளை சிக்கியிருக்கும் நேரத்தை எலக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எடுக்கும் நேரத்தால் வகுத்தால் அதுவே பெருக்கம்.

ஆனால் கதவைப் பிடித்திருக்கும் வரை லிஃப்ட் நகராது. துளை சிக்கியிருக்கும் வரை மின்னோட்டமும் அடங்காது. சிங்கப்பூர்ச் சாதனம் 50 மில்லிவினாடிக்குள் அணைந்து எரிந்தது; 880 காட்டிய சாதனத்துக்கு வினாடிகள் தேவைப்பட்டன. அதே 2012-இல் பார்சிலோனா அருகே, கிராஃபீன்மேல் ஈய சல்பைடு நுண்துகள்களைப் பூசி ஒரு வாட்டுக்கு 1 கோடி ஆம்பியர் வரை காட்டினார்கள். அங்கும் இதே கதவுதான்.

பகுதிநேரமாகப் படித்துக்கொண்டிருந்த நாள்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாலிப்டினம் டைசல்பைடிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய செதிலின்மேல் பச்சை லேசரை விட்டதும் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி, பிறகு மெல்ல வளைந்து மேலே போனது. ஷட்டரை மூடினோம். முதலில் ஒரு சிறு செங்குத்து இறக்கம். அதன்பின் கோடு ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. தேநீர் குடித்துவிட்டு வந்தபோதும் அது பழைய இருட்டு மட்டத்தைத் தொட்டிருக்கவில்லை. சாதனம் பழுது என்றே எழுதப் போனேன். அந்தச் சிறு செங்குத்து இறக்கம்தான் உண்மையான வேகமான ஒளிமின்னோட்டம், மீதியெல்லாம் சிக்கிய துளைகளின் வேலை என்று உடனிருந்த மூத்தவர் விளக்கினார்.

ஒளியின் அளவைக் கூட்டக் கூட்ட, சிக்குமிடங்கள் நிரம்பிவிடுவதால் துலங்குதிறன் சரிந்துகொண்டே வரும். ஆகவே எவ்வளவு ஒளியில், எவ்வளவு மின்னழுத்தத்தில், எவ்வளவு வேகத்தில் என்ற மூன்றும் இல்லாமல் துலங்குதிறனை மட்டும் எழுதியிருந்தால், அந்த எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

'ஜோன்ஸ்' என்ற அலகில் ஓர் எண்ணைத் தருகிறார்களே, அதையாவது நம்பலாமா?

எவ்வளவு மங்கிய ஒளியை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியும் என்பதைப் பரப்புக்கும் அலைவரிசை அகலத்துக்கும் ஏற்பச் சீராக்கிச் சொல்லும் அலகு அது. இரைச்சலை நேரடியாக அளந்து கணக்கிட்டிருந்தால் நம்பலாம். பலரும் இருட்டு மின்னோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வரக்கூடிய மிகக் குறைந்த இரைச்சலை வாய்பாட்டில் போட்டு எண்ணைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். மெல்லிய அடுக்குகளிலோ, அதிர்வெண் குறையக் குறைய வளரும் மினுக்கு இரைச்சல்தான் பெரும்பாலும் ஆதிக்கம் செலுத்துகிறது.

கைப்பேசிக் கேமராவில் சிலிக்கானுக்குப் பதிலாக இவை வந்துவிடுமா?

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வராது என்பதே என் கருத்து. அங்கே சிலிக்கான் மலிவானது, நேர்த்தியானது, வேகமானது.

சிலிக்கான் குருடாகும் இடத்தில்தான் இவற்றுக்கு வேலை. 1,100 நானோமீட்டருக்கு அப்பால் இன்று இண்டியம் கேலியம் ஆர்சனைடும், இன்னும் நீண்ட அலைகளுக்கு மெர்க்குரி காட்மியம் டெலூரைடும் பயன்படுகின்றன. இவற்றின் படிக அணிக்கோவை, அதாவது அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு, அடித்தளத்தின் அணிக்கோவையோடு பொருந்த வேண்டும் என்பதால் தனி அடித்தளங்கள் தேவை, விலை ஏறுகிறது, சிலவற்றைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிரூட்டவும் வேண்டும். அடுக்குப் பொருள்களின் பரப்பில் அறுந்து தொங்கும் பிணைப்புகள் இல்லை. ஆகவே பொருத்தம் பார்க்காமல் எதன்மேலும் வைக்கலாம்: சிலிக்கான் சில்லின்மேல், கண்ணாடிமேல், வளையும் பிளாஸ்டிக்மேல். கட்டியாக 0.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட கறுப்பு பாஸ்பரஸ் 4 மைக்ரோமீட்டர் வரை உணரும்.

ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதில் இன்னொரு பயனும் உண்டு. டங்ஸ்டன் டைசெலினைடின் ஓர் அடுக்கை மாலிப்டினம் டைசல்பைடின்மேல் வைத்தால், சில அணுக்கள் தடிமனே உள்ள ஒரு டையோடு கிடைத்துவிடுகிறது. 2014-இல் இதைச் செய்து காட்டினார்கள். இத்தகைய சந்திப்புகளில் எலக்ட்ரானும் துளையும் 50 ஃபெம்டோவினாடிக்குள் வெவ்வேறு அடுக்குகளுக்குப் பிரிந்துவிடுகின்றன. இங்கே கதவைப் பிடித்து நிற்க யாருமில்லை. பெருக்கம் இல்லை, ஆனால் வேகம் உண்டு. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

ஒட்டுநாடாவால் உரிப்பது உண்மையா? அப்படியே தொழிற்சாலையிலும் செய்வார்களா?

ஆய்வுக்கூடத்தில் உண்மை. பளபளக்கும் ஒரு சிறு படிகத்தை நாடாவில் வைத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடிக்க வேண்டும். நாடா முழுவதும் சாம்பல் நிறத் தூளாக மங்கும்வரை இதைச் செய்துவிட்டு, ஆக்சைடு பூசிய சிலிக்கான்மேல் அழுத்தி, மெல்ல உரித்தெடுக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியின் கீழே தேடல் தொடங்கும். தடித்த செதில்கள் மஞ்சளாகவும் வெளிர்நீலமாகவும் பளிச்சென்று தெரியும். நமக்கு வேண்டியது, இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு மங்கலான ஒரு நிழல். அரைநாள் தேடி ஒன்று கிடைத்தால் நல்ல நாள். அது ஒற்றை அடுக்குதானா என்பதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்ட விளைவுதான் சொல்லும்: மாலிப்டினம் டைசல்பைடின் இரண்டு ராமன் முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் ஒற்றை அடுக்கில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 19 அலைகள், கட்டியில் சுமார் 25.

தொழிற்சாலைக்கு இது உதவாது. மாலிப்டினம் ஆக்சைடையும் கந்தகத்தையும் சூடான உலைக்குழாயில் ஆவியாக்கி, அடித்தளத்தின்மேல் முக்கோணப் படிகங்களாக வளர்ப்பது ஒரு வழி. கரிம உலோக ஆவியைக் கொண்டு 4 அங்குல வேஃபர் (சில்லுகள் செய்யப் பயன்படும் வட்டத் தகடு) முழுவதும் மூன்றணுத் தடிமனில் படலம் வளர்க்க முடியும் என்று 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகம் காட்டியது.

படலம் வந்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உலோக மின்முனை தொடும் இடம்தான் பெருந்தொல்லை. தங்கத்தையோ டைட்டேனியத்தையோ ஆவியாக்கிப் பூசும்போது அணுக்கள் மோதி அந்த ஒரே அடுக்கையும் சேதப்படுத்துகின்றன. எலக்ட்ரான் கடக்க வேண்டிய தடையும் உயர்ந்துவிடுகிறது. 2021-இல் பிஸ்மத் உலோகத்தைப் பயன்படுத்தி இந்தத் தடையைப் பெரிதும் குறைத்தார்கள்.

பினாங்கின் ஈரப்பதத்தில் இவை தாங்குமா?

மூடாமல் வைத்தால் தாங்காது. கறுப்பு பாஸ்பரஸ் காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம், ஒளி மூன்றும் சேர்ந்தால் சிதையும். மெல்லிய செதிலின்மேல் முதலில் குமிழ்கள் போலத் துளிகள் தோன்றி, பின்பு செதிலே கரைந்துபோகும். மாலிப்டினம் டைசல்பைடு அப்படிக் கரைவதில்லை, ஆனால் பரப்பில் ஒட்டும் நீரும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்வதால் மின்னோட்டம் குறைகிறது. காலையில் வெற்றிடத்தில் அளந்த சாதனத்தை மாலையில் திறந்த காற்றில் அளந்தால், இரண்டும் ஒரே சாதனம்தானா என்ற ஐயம் வரும். அறுகோண போரான் நைட்ரைடாலோ அலுமினியம் ஆக்சைடாலோ மூடி முத்திரையிடுவதே தீர்வு.

இந்தப் பொருள்கள் நச்சுத்தன்மை உடையவையா?

மாலிப்டினம் டைசல்பைடு பெரிய ஆபத்தில்லை. செலினைடுகளை வளர்க்கும்போது உண்டாகக்கூடிய ஹைட்ரஜன் செலினைடு வாயு கொடிய நஞ்சு. வாயுக்கழிவுக் கூண்டும் கசிவு எச்சரிக்கைக் கருவியும் இல்லாத இடத்தில் அந்த வேலையைத் தொடவே கூடாது.

இதுவரை உருப்படியாக எதையாவது செய்திருக்கிறார்களா?

2017-இல் பார்சிலோனா குழு, கிராஃபீனையும் ஈய சல்பைடு நுண்துகள்களையும் சமிக்ஞையைப் படித்தெடுக்கும் சாதாரணச் சிலிக்கான் சில்லின்மேல் ஏற்றி, 388 × 288 புள்ளிகள் கொண்ட கேமராவால் அகச்சிவப்பில் படம் பிடித்தது. 2020-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டங்ஸ்டன் டைசெலினைடு ஒளி டையோடுகள் 27-ஐ வைத்து, படத்தைப் பிடிக்கும்போதே எழுத்துகளை வகைப்படுத்தும் உணரியைச் செய்தது. கணிப்பு நானோவினாடிக் கணக்கில் முடிந்தது. இரண்டும் ஆய்வுக்கூடச் சாதனைகளே.

மலேசியாவில் இதைப் படிக்க வழி உண்டா, சார்? நம் ஊரில் இதற்கு வேலை இருக்கிறதா?

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நானோ ஒளிமின்னணு ஆய்வுக் கழகம் இருக்கிறது; கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் குறை பரிமாணப் பொருள்களுக்கான ஆய்வு மையம் இருக்கிறது; பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தில் நுண்பொறியியலுக்கும் நானோ மின்னணுவியலுக்குமான கழகம் இருக்கிறது. இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றுவிட்டுப் போவது நல்ல வழி. பொருள் அறிவியலும் சரிதான்.

வேலையைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்கிறேன்: இந்தப் பொருளை மட்டும் நம்பி இயங்கும் உற்பத்தி வரிசை எதையும் நான் பாயான் லெப்பாஸில் பார்த்ததில்லை. ஆனால் 1972-இல் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து நம் ஊர் கற்றுக்கொண்ட வேலை, சில்லுகளை உறையிட்டுப் பொதிவதும் சோதிப்பதும். உலகின் பொதியிடல், சோதனைப் பணிகளில் மலேசியாவின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடு. மேலே சொன்ன தொல்லைகளை மறுபடி பாருங்கள்: ஈரம் புகாமல் மூடுவது, மின்முனையின் நம்பகத்தன்மை, இரைச்சலை ஒழுங்காக அளப்பது. எல்லாம் நம் அம்மாக்களும் சித்திகளும் மூன்று ஷிப்டில் நின்று செய்த வேலையின் தொடர்ச்சிதான்.

உலையும் லேசரும் இல்லாமல் வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

முடியும். நிறம் கலக்காத தெளிந்த மூடியுள்ள சிவப்பு எல்.இ.டி. ஒன்றும் நீலம் ஒன்றும் வாங்குங்கள். ஒவ்வொன்றும் சில காசுதான். மல்டிமீட்டரை மின்னழுத்தம் அளக்கும் நிலையில் வைத்து, சிவப்பு எல்.இ.டி.யின் இரு கால்களையும் அதன் முனைகளோடு இணைத்து நண்பகல் வெயிலில் காட்டுங்கள்; ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும், ஏனெனில் விளக்காகும் அதே சந்திப்பு ஒளியுணரியாகவும் வேலை செய்யும். அடுத்து வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில், எரியும் நீல எல்.இ.டி.யைச் சிவப்பின்மேல் நெருக்கிப் பிடித்தால் மீட்டர் அசையும். இடம் மாற்றி, எரியும் சிவப்பை நீலத்தின்மேல் பிடித்துப் பாருங்கள், அசையாது. நீலத்தின் ஆற்றல் இடைவெளி பெரிது, சிவப்பு ஃபோட்டானுக்கு அதைத் தாண்டும் வலு இல்லை. ரிமோட்டைச் சிவப்பு எல்.இ.டி.யிடம் நீட்டி அழுத்தினாலும் இதே மௌனம்தான். காரணத்தை 1240-ஐ வகுத்து நீங்களே எழுதிப் பாருங்கள். ரிமோட்டின் அலைநீளம் 940 நானோமீட்டர் அளவில் இருக்கும்.